பாட்டில்லாத படம்

தமிழ்ப் படம் என்றதும் நம் செவியில் முதலில் ஒலிப்பது பாட்டு. கதையை மறந்தோரும் பாட்டை மறப்பதில்லை. கண்டியிலும் மாத்தளையிலும் நாவலப்பிட்டியிலும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளிலும் படம் வந்து சேர்வதற்கு முன்னரே வானொலி வழியாக அதன் பாட்டு வந்து சேர்ந்துவிடும். பாட்டைக் கேட்டுப் பழகிய மக்கள் பின்னர் படத்தைக் காணச் சென்றனர். அத்தகைய காலத்தில் ஒரு பாட்டும் இல்லாமல், நடனமும் சண்டைக் காட்சியும் இல்லாமல் ஒரு தமிழ்ப் படம் வெளிவந்தது. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டையொட்டித் திரைக்கு வந்த 'அந்த நாள்' என்பதே அப்படம். எழுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் அது பேசப்படுவதன் காரணம் யாது என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

படத்தைத் தயாரித்தவர் ஏ. வி. மெய்யப்பன். இயக்கியவர் எஸ். பாலச்சந்தர். வீணை வித்துவானாக உலகறிந்த அதே பாலச்சந்தர்தான் இவர். இசையிலே திளைத்த ஒருவர் தம் படத்திலிருந்து பாட்டை முற்றாக நீக்கியது வியப்புக்குரியது. அப்போது அவருக்கு வயது 27. திரைக்கதையிலும் உரையாடலிலும் பெரும்பங்கு ஆற்றியவர் ஜாவர் சீதாராமன். துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக நடித்தவரும் அவரே. கொலையுண்ட ராஜனாகச் சிவாஜி கணேசனும் அவன் மனைவி உஷாவாகப் பண்டரிபாயும் நடித்தனர்.

இக்கதையைப் பாலச்சந்தர் முதலில் நாடகமாக எழுதி இந்திய வானொலிக்கு அளித்தார் என்றும், அங்கே அது ஏற்கப்படவில்லை என்றும் திரைப்பட வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். வானொலி வேண்டாமென்ற கதையைத் திரை ஏற்றுக்கொண்டது. அந்தக் கதையின் நாயகனும் ஒரு வானொலிப் பொறியாளனே என்பது இதிலுள்ள வேடிக்கை.

கதை நிகழும் நாள் 1943ஆம் ஆண்டு அக்டோபர் 11. அன்று ஜப்பானிய விமானம் ஒன்று சென்னை நகரின் மீது குண்டு வீசியது. இது கற்பனையன்று, வரலாறு. அந்தக் குண்டு வீச்சையடுத்து ராஜன் தன் வீட்டிலே சுடப்பட்டுக் கிடக்கிறான். படம் தொடங்கிய உடனேயே கதாநாயகன் மடிந்துவிடுகிறான். அப்பால் நாம் காண்பதெல்லாம் பிறர் நினைவில் வாழும் ராஜனைத்தான். அடுத்த வீட்டுக்காரர், தம்பி, தம்பியின் மனைவி, ராஜனோடு தொடர்பு கொண்டிருந்த ஒரு பெண், மனைவி உஷா ஆகிய ஐவரையும் சிவானந்தம் விசாரிக்கிறார். ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் ஒரு ராஜன் தோன்றுகிறான். ஒருவர் கண்ட ராஜன் மற்றவர் கண்ட ராஜனல்லன்.

இந்த அமைப்புக்கு வழிகாட்டியது ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் 'ரஷோமோன்'. 1950இல் வெளிவந்து, 1951இல் வெனிஸ் நகரத் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்ற படம் அது. அதே 1950இல் வெளியான 'தி வுமன் இன் குவெஸ்ச்சன்' என்னும் ஆங்கிலப் படத்தின் சாயலும் இதில் உண்டெனத் திறனாய்வாளர் கூறுவர். எதிரி நாடாக ஜப்பானைக் காட்டும் ஒரு கதை, அந்த ஜப்பானின் கலைஞர் ஒருவரிடமிருந்தே சொல்லும் முறையைக் கற்றது. போர் ஓய்ந்து பத்தாண்டு நிறைவதற்குள் பகை மறந்து கலை கடல் கடந்துவிட்டது.

இரவும் நிழலும் துப்பாக்கியும் குற்றமும் கலந்த இத்தகைய படங்களுக்குப் பிரெஞ்சுத் திறனாய்வாளர் 1946இல் 'கருமைப் படம்' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். 1941இல் வந்த 'தி மால்டீஸ் பால்கன்', 1944இல் வந்த 'டபிள் இன்டெம்னிட்டி' முதலிய அமெரிக்கப் படங்கள் அவ்வகையின. அவற்றின் ஒளியமைப்பைத் தமிழுக்குக் கொணர்ந்ததில் ஒளிப்பதிவாளர் எஸ். மாருதிராவின் பங்கு பெரிது. முகத்தின் பாதியை இருள் மறைத்து நிற்கும்போது, அவர் கூறுவதில் எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்ற ஐயம் காண்போர்க்குத் தானே எழுகிறது.

ஆயினும் 'ரஷோமோன்' படத்துக்கும் 'அந்த நாள்' படத்துக்கும் அடிப்படையில் ஒரு வேற்றுமை உண்டு. அங்கே உண்மை இறுதிவரை ஐயத்திற்கிடமாகவே நின்றுவிடுகிறது. இங்கே உண்மை கண்டுபிடிக்கப்படுகிறது. பொறுமையும் மதிநுட்பமும் உடைய ஒருவர் பல சாட்சியங்களை ஒன்றோடொன்று வைத்து எடைபோட்டால் மெய்யை அடைய இயலும் என்பதே தமிழ்ப் படத்தின் நம்பிக்கை. வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது மிகவும் இனிய செய்தி. ஒருவர் சொல்வதை மட்டும் கேட்டு முடிவு செய்யாதே. சொல்பவர் யார், அவர் எங்கே நின்று கண்டார், அப்படிச் சொல்வதால் அவருக்கு வரும் ஆதாயம் என்ன என்று வினவு. நாம் மாணவர்க்கு ஆண்டுதோறும் சொல்லும் பாடம் இதுவே. சிவானந்தம் இரண்டே மணி நேரத்தில் அதைக் கற்பித்துவிடுகிறார்.

ஒரே சாட்சியை நம்பியதால் விளைந்த கேட்டைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே அறிவர். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் ஒரு பொற்கொல்லனின் சொல்லை மட்டும் கேட்டான். கோவலன் உயிர் போயிற்று, பின்னர் மன்னன் உயிரும் போயிற்று, மதுரையும் எரிந்தது. அங்கே ஒரு சிவானந்தம் இருந்திருப்பின் காப்பியமே வேறாகியிருக்கும்.

கண்ணகியின் பெயரை இங்கே எடுத்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. கண்டி மாநகரில், தலதா மாளிகையின் எதிரே, அக்கண்ணகி பத்தினித் தெய்வமாக எழுந்தருளியிருக்கிறாள். ஆண்டுதோறும் எசல பெரகரவில் அவள் ஆலயத்து ஊர்வலமும் செல்கிறது. கணவனுக்காக அரசனிடம் நீதி கேட்டவள் அவள். 'அந்த நாள்' உஷாவோ வேறொரு வழியில் செல்கிறாள். ராஜன் ஜப்பானியருக்கு இரகசியங்களை விற்றவன் என்பதை அவள் அறிகிறாள், தடுக்க முயல்கிறாள், இறுதியில் அவள் கையிலிருந்த துப்பாக்கியினாலேயே அவன் மடிகிறான். எழுபதாண்டுப் பழமையுடைய படமாதலின் முடிவைச் சொல்வதில் பிழையில்லை எனக் கருதுகிறேன். கணவனே தெய்வம் என்று நாடகமும் திரையும் இடையறாது போதித்த காலத்தில், கணவனா, நாடா என்ற வினாவை ஒரு பெண்ணின் முன் வைத்து, நாடு என்று அவளை விடையளிக்கச் செய்தது இப்படம். அந்தத் துணிவே இதன் நெடுவாழ்வுக்கு முதற்காரணம் என்பேன்.

நேயர்களே, படத்தின் பின்னணியாகிய போர்க்காலத்தை நம் நாடும் நன்கறியும். 1942 ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைகளின் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொணர்ந்தார். இன்று இளைஞர் உலாவரும் அப்பூங்கா அன்று போர் இரகசியங்களின் களஞ்சியமாய் இருந்தது. ராஜனைப் போன்ற ஒருவன் விற்கக்கூடிய செய்தி எத்தனை உயிர்களைக் கொண்டது என்பதைக் கண்டி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ராஜன் பிறவித் துரோகியல்லன். ஏழைகளும் வாங்கத்தக்க மலிவான வானொலிப் பெட்டிகளைச் செய்ய விரும்பிய அறிவாளி அவன். அவன் திறமைக்கு அரசின் ஆதரவு கிட்டவில்லை. அந்த ஏமாற்றமே நஞ்சாக மாறியது. நாடு என்னை மதிக்கவில்லை, நான் ஏன் நாட்டை மதிக்கவேண்டும் என்பது அவன் வாதம். சிவாஜி கணேசன் அவனை வெறும் கொடியவனாக ஆக்காமல், நம்மில் ஒருவனாக நடித்துக் காட்டியதால், அவ்வாதம் ஒரு கணம் நம் நெஞ்சையும் தொட்டுவிடுகிறது.

அவ்வாதத்தை மலைநாட்டில் வாழும் நாம் இன்னும் சற்று ஆழ்ந்து நோக்கவேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 'அந்த நாள்' வெளிவந்த அதே 1954இல், ஜனவரித் திங்களில், நேருவும் கொத்தலாவலையும் அவர்களைப் பற்றியே ஓர் ஒப்பந்தம் செய்தனர். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. எஞ்சியோர் குடியுரிமைக்கு வழிசெய்யும் சட்டம் நிறைவேறியது 2003இல். இரண்டு தலைமுறைகள் காத்திருந்தன. ராஜனுக்கு மறுக்கப்பட்டது ஒரு முயற்சிக்கான ஆதரவு. இம்மக்களுக்கு மறுக்கப்பட்டது நாடே. அவன் நாட்டை விற்றான். இவர்களோ பனியிலும் மழையிலும் கொழுந்து பறித்து அந்நாட்டுக்கே வருவாய் தேடித்தந்தனர். ராஜனின் வாதத்துக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு வேறில்லை. அதே வேளையில், உழைப்பையும் அறிவையும் மதியாத அரசு எத்தகைய நஞ்சை விதைக்கிறது என்னும் எச்சரிக்கையும் படத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்பதே நேர்மை.

வெளிவந்தபோது இப்படம் அறிஞர் பாராட்டைப் பெற்றதே தவிர, பெரும் வசூலைப் பெறவில்லை. பாட்டில்லாத படமா என்று மக்கள் தயங்கினர். இந்திய அரசின் நற்சான்றிதழ் பின்னர் அதற்குக் கிடைத்தது. பாலச்சந்தர் 1964இல் 'பொம்மை' என்னும் மற்றொரு மர்மப் படத்தை எடுத்தார். அதில் பாட்டுகள் இடம்பெற்றன. பின்னாளில் வீணைக்கே தம்மை ஒப்படைத்து, 1990இல் மறைந்தார். அவர் காட்டிய வழியில் பாட்டின்றி வந்த தமிழ்ப் படங்கள் நெடுங்காலம் மிகச் சிலவாகவே இருந்தன.

'அந்த நாள்' படத்தை நினைவூட்ட வானொலியில் ஒலிபரப்ப ஒரு பாட்டில்லை. திருமண வீட்டு ஒலிபெருக்கியும் அதை நினைவூட்டாது. எனினும் அது மறக்கப்படவில்லை. ராஜனைக் கொன்றவர் யார் என்ற கேள்விக்குப் படம் முடிவதற்குள் விடை கிடைத்துவிடுகிறது. ராஜன் ஏன் ராஜனானான் என்ற கேள்வியைத்தான் நாம் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறோம். அதற்குரிய விடையைத் தேடும் கடமை துப்பறியும் அதிகாரிக்கு மட்டும் உரியதன்று. ஆட்சி செய்வோர்க்கும் ஆசிரியர்க்கும் உரியது.