"எந்த ஊர்டா நீ?"

கலிபோர்னியாவின் இளங்குற்றவாளிகள் சிறைகளில் புதுப் பையன் எதிர்கொண்ட முதல் கேள்வி இதுதான். கேட்டது அதிகாரி இல்லை, கூட இருந்த பையன்கள். ஊர் என்றால் தெரு, தெரு என்றால் கோஷ்டி. பொய் சொல்லவும் முடியாது. அண்ணனோ சித்தப்பாவோ யாரென்று உள்ளே யாருக்காவது தெரிந்திருக்கும்.

கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் மராவியா, ஒயிட் ஃபென்ஸ் போன்ற கோஷ்டிகள் 1930, 40களிலிருந்தே உண்டு. அண்ணன் ஒரு செட், தம்பி அடுத்த செட். நம் காலேஜ் 'பேட்ச்' மாதிரிதான்! சமூகவியலாளர் ஜோன் மூர், முன்னாள் கைதிகளையே கூட வைத்து ஆராய்ந்து 1978-ல் 'ஹோம்பாய்ஸ்' என்ற புத்தகத்தில் இதை எழுதினார்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து போகும் பையனுக்கு, அவன் ஒன்றுமே செய்யாவிட்டாலும் உள்ளே எதிரிகள் தயார். யாருடன் உட்கார்ந்து சாப்பிடுவது, யாரை அடிப்பது எல்லாம் ஏற்கெனவே முடிவான விஷயம். ஃபைலில் 'அடங்காதவன்' என்று எழுதிவிடுவார்கள். அதில் பாதி பயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் பழியை முழுக்கக் குடும்பத்தின் மேல் போட முடியாது. சிறையே ஒரு குடும்பத்தை உருவாக்கியது. 1957-ல் டிரேசி ஊரிலுள்ள டூயல் சிறையில், லூயிஸ் ஃப்ளோரஸ் என்ற இளைஞனின் தலைமையில் 'மெக்சிகன் மாஃபியா' பிறந்தது. வெளியே ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட தெருப் பையன்கள், உள்ளே பகையை மறந்து ஒன்று சேர்ந்தார்கள். நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? அவர்களில் சிலரை சான் குவென்டின் பெரிய சிறைக்கு மாற்றியது. கொள்ளியை எடுத்துக் கூரையில் செருகிய கதை! கோஷ்டி மாநிலம் முழுக்கப் பரவியது. 1960களில் அதற்கு எதிராக வடக்குப் பையன்கள் சேர்த்த கோஷ்டியின் பெயர் 'நுவெஸ்ட்ரா ஃபமிலியா'. அர்த்தம், 'எங்கள் குடும்பம்'. 1968-ல் இரண்டுக்கும் மூண்ட பெரிய சண்டைக்குக் காரணம் ஒரு ஜோடி ஷூ என்கிறார்கள்.

சிறுவர்களைத் திருத்தத்தான் 1941-ல் கலிபோர்னியா யூத் அத்தாரிட்டி தொடங்கியது. 1996 வாக்கில் அதில் சுமார் 10,000 பேர். சண்டையைத் தடுக்கிறோம் என்று கோஷ்டிவாரியாகப் பிரித்து வைத்தார்கள். எந்தக் கோஷ்டியிலும் ஒட்டாமல் இருக்க நினைத்த பையனுக்கும் அதோடு வழி அடைந்தது. சிலரை நாளுக்கு 23 மணி நேரம் பூட்டி வைத்தார்கள். பாடம்கூடக் கம்பிக் கூண்டுக்குள்.

2003-ல் இதை எதிர்த்து வழக்குப் போட்டவர், உள்ளே இருந்த ஒரு பையனின் உறவுக்காரப் பெண்மணி. குடும்பப் பிணைப்பு இந்தப் பக்கமும் இழுக்கும் என்பதை அதிகாரிகள் கணக்கில் வைக்கவில்லை போலும். 2004-ல் அரசு சீர்திருத்தத்துக்கு ஒப்புக்கொண்டது. 2016 வரை வழக்கு நீதிமன்றக் கண்காணிப்பில் ஓடியது. 2023 ஜூன் 30-ல் மாநிலத்தின் சிறுவர் சிறைகளை மூடிவிட்டு, பையன்களை அவரவர் மாவட்டத்திடம் ஒப்படைத்தார்கள்.