விளிம்பில் ஒரு சொல்

ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தில் எங்கள் வீட்டைச் 'சுபேதார் வீடு' என்றுதான் சொல்வார்கள். தபால்காரருக்குக் கதவு எண் தேவைப்பட்டதில்லை. அப்பாவின் தாத்தா முதல் உலகப் போரில் சுபேதாராக இருந்தார், பசராவில் துருக்கியரோடு சண்டை போட்டார், வெள்ளிப் பதக்கம் வாங்கினார். இந்தக் கதையை நான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் முன்பே கேட்டுவிட்டேன். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட காபி வருவதற்கு முன்பு சுபேதார் வந்துவிட்டார்.

பதக்கத்தை மட்டும் என் தலைமுறையில் யாரும் பார்த்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓடு மாற்றுவதற்காகப் பரணில் இருந்ததை எல்லாம் இறக்கியபோது, பத்திரங்கள் வைத்திருந்த தகரப் பெட்டியின் அடியில் அது கிடந்தது. பெரிய அத்தை இங்கிலாந்து நேரம் காலை ஐந்தரைக்கு வாட்ஸப்பில் கூப்பிட்டார்.

"டேய், தாத்தாவோட மெடலு கெடச்சிருச்சுடா. கரியா இருந்துச்சு, புளி போட்டுத் தேச்சேன். வெள்ளி மாதிரி தெரியலயே. செம்பு கணக்கா இருக்கு."

பழைய பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்ப்பது சேகரிப்பாளர்கள் காதில் விழக்கூடாத செய்தி. ஆனால் அந்தப் புளிதான் எங்கள் வீட்டு வரலாற்றைத் திருத்தியது.

அத்தை அனுப்பிய படங்களில் ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை. மறுபக்கம் ஆடையில்லாத ஒருவன் குதிரைமேல் இருக்கிறான். குதிரையின் காலடியில் பிரஷ்யக் கழுகு பொறித்த கேடயம், ஒரு மண்டையோடு, ஓரத்தில் 1914, 1918 என்ற ஆண்டுகள். வில்லியம் மக்மில்லன் என்ற சிற்பி வடிவமைத்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். அடையாளம் காண இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, ஏனென்றால் இது அரிய பொருளே அல்ல. சுமார் 65 லட்சம் வெள்ளியில் அடித்திருக்கிறார்கள். கூடவே ஏறத்தாழ 1,10,000 வெண்கலத்தில் அடித்தார்கள்.

வெண்கலம் யாருக்கு என்பதுதான் விஷயம். வெள்ளி, துப்பாக்கி பிடித்தவர்களுக்கு. வெண்கலம், சீனர், இந்தியர், மால்ட்டாக்காரர் என்று தொழிலாளர் படைகளில் மூட்டை தூக்கியவர்களுக்கும் மண் வெட்டியவர்களுக்கும். ஒரே போர், ஒரே அச்சு, உலோகம் மட்டும் வேறு. வெள்ளியாக இருந்திருந்தால் ஏதோ ஒரு பஞ்ச காலத்தில் அடகுக்கடைக்குப் போய் உருகியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வெண்கலம் என்பதால் எங்களிடம் தங்கியது. மேல் கொக்கி உடைந்திருந்தது. சிறுவயதில் அத்தையும் தோழிகளும் அதைப் பாண்டி ஆட்டத்தில் சில்லாக எறிந்திருக்கிறார்களாம்.

பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள் என்று அத்தையிடம் சொன்னேன். முதல் போரின் பதக்கங்களில் அங்கேதான் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றை அடித்திருப்பார்கள். (இரண்டாம் போரின் பதக்கங்களில் பிரிட்டன் பெயர் பொறிக்கவில்லை, இந்தியா பொறித்தது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருந்தால் முதலில் விளிம்பைப் பாருங்கள், புளியை எடுக்காதீர்கள்.) பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பெண் கைப்பேசி வெளிச்சத்தில் எழுத்தெழுத்தாகப் படித்தாள். ஓர் எண். பிறகு சி, ஓ, ஓ, எல், ஒய். பிறகு கொள்ளுத்தாத்தாவின் பெயர். பிறகு எஸ், டி, கார்ப்ஸ்.

"என்னடா போட்டிருக்கு?" என்று அத்தை கேட்டார்.

"பேரும் நம்பரும் போட்டிருக்கு அத்தை" என்றேன். அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை.

கூலி. ஆங்கிலத்தில் இருந்தாலும் அது நம்முடைய சொல்தான். அகராதிக்காரர்களில் ஒரு சாரார் அதைத் தமிழ்க் 'கூலி'யிலிருந்து வந்தது என்பார்கள். இன்னொரு சாரார் குஜராத்தின் கோலி சமூகப் பெயரைக் காட்டுவார்கள். மொரீஷியஸ், மலாயா, நட்டால், ஃபிஜி என்று கப்பல் போன இடமெல்லாம் அந்தச் சொல்லும் போனது. இதழின் வாசகர்களில் சிலருக்கு அது தாத்தா பாட்டிகளின் பெயருக்கு முன்னால் நின்ற அடைமொழி. எங்கள் ஊரில் அது வேறு மாதிரி வலிக்கும். 'கூலிக்குப் போகிறவன்' என்பது வேலையை மட்டும் சொல்வதில்லை. யார் திண்ணையில் உட்காரலாம், யார் வாசலில் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லும். சுபேதார் வீட்டுத் திண்ணையில் இருந்தபடி வாசலில் நின்றவர்களுக்குக் கூலி எண்ணிக் கொடுத்த குடும்பம் எங்களுடையது. எண்ணிக் கொடுக்கும்போது என் தாத்தா பேசிய பேச்சு எனக்கு நினைவிருக்கிறது. அதை இங்கே எழுத விருப்பமில்லை.

அடுத்த ஆறு மாதம் வார இறுதிகளில் தேடினேன். தொழிலில் நான் செய்வது சிதறிக் கிடக்கும் தரவுத்தளங்களை ஒன்றோடொன்று இணைப்பது. இரண்டு அட்டவணைகளை இணைக்கப் பொதுவான ஒரு திறவுகோல் வேண்டும். என்னிடம் ஓர் எண்ணும் ஒரு பெயரும் இருந்தன. அந்தப் பெயர் எங்கள் ஊரில் மட்டும் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கும்.

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் முதல் போரின் பதக்க அட்டைகள் இருக்கின்றன. இந்தியப் படையினருடைய அட்டைகள் அவற்றில் மிகச் சொற்பம். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் அதிகாரிகளைத் தேடுவது எளிது. கீழே போகப் போகத் தாள் மெலிந்துகொண்டே போகிறது. லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்த பதிவேடுகளைக் கொண்டு சுமார் 3,20,000 பஞ்சாப் வீரர்களின் விவரத்தை ஊர்வாரியாக மின்னாக்கி 2021இல் வெளியிடத் தொடங்கியபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அது பஞ்சாபுக்கு மட்டும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் இறந்தவர்களுக்கானது. கொள்ளுத்தாத்தா உயிரோடு திரும்பி வந்ததால் அதிலும் இல்லை. செத்திருந்தாலும் உறுதியில்லை: ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு முனைகளில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரால் நினைவு இல்லை என்று அந்த ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டது.

விளிம்பில் இருந்த எஸ், டி என்பது சப்ளை அண்ட் டிரான்ஸ்போர்ட், அதாவது படைக்கு வேண்டிய அரிசி, மாவு, தீவனம், விறகு, தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பிரிவு. அத்தை சொன்ன 'பசரா' கதை இதோடு பொருந்துகிறது. கடல் கடந்து போன இந்தியப் படையில் மிகப் பெரிய பங்கு மெசபடோமியாவுக்குத்தான் போனது. 1914 நவம்பரில் பாஸ்ராவைப் பிடித்தபோது அங்கே பெரிய கப்பல் அணையச் சரியான துறையே இல்லை. ஆற்று நடுவில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து படகுக்கு, படகிலிருந்து சேற்றுக் கரைக்கு, எல்லாம் மனிதர் தோளில். 1916இல் கப்பல்கள் சரக்கு இறக்க முடியாமல் வாரக்கணக்கில் காத்து நின்றன. குத் நகரில் முற்றுகையில் இருந்த படைக்கு உணவு போய்ச் சேராமல் ஏப்ரல் 29 அன்று சரணடைந்தார்கள். அடுத்த வருடம் விசாரணை ஆணையத்தின் அறிக்கை வந்து, இந்தியாவுக்கான மந்திரி ஆஸ்டன் சேம்பர்லின் பதவி விலகினார். மூட்டை தூக்க ஆள் இல்லாமல் போர் நடக்காது என்று அதிகாரிகளுக்குப் புரிந்தது அப்போதுதான். ஊர் ஊராக ஆள் சேர்த்தார்கள். போர் முழுவதிலும் 5.5 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் சிப்பாய்களாக அல்லாமல் இப்படிப் போயிருக்கிறார்கள். ராதிகா சிங்கா இவர்களைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். தலைப்பிலேயே 'கூலி' என்ற சொல்லை வைத்திருக்கிறார்.

கியூவில் அந்த முனையின் போர் நாட்குறிப்புகளைப் படித்தேன். அதிகாரிகளுக்குப் பெயர் இருக்கிறது. கோவேறு கழுதைகளுக்கு எண்ணிக்கை இருக்கிறது. கூலிகளுக்கும் எண்ணிக்கைதான்.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அப்பாவுக்கு 79 வயது. தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். எப்படிச் சொல்வது என்று விமானத்தில் பத்து மணி நேரம் ஒத்திகை பார்த்தேன். திண்ணையில் உட்கார்ந்து சுற்றி வளைத்து ஆரம்பித்தேன்: உலோகம், விளிம்பு, படைப்பிரிவு. அவர் குறுக்கிடவில்லை. முடித்ததும் எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். தகரப் பெட்டியோடு திரும்பி வந்தார்.

இரண்டு பத்திரங்களை எடுத்துக் கொடுத்தார். முதலாவது 1914ஆம் வருடத்து அடமானப் பத்திரம். கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார் பெயர், ஊர், அதற்குப் பிறகு 'கூலி ஜீவனம்'. இரண்டாவது 1921ஆம் வருடத்துக் கிரயப் பத்திரம். ஒரு ஏக்கர் இருபது சென்ட் புஞ்சை. வாங்குகிறவர் அதே பெயர், அதே தகப்பனார், 'விவசாய ஜீவனம்'. இடையில் இருந்த ஏழு வருடத்தில்தான் பாஸ்ரா. நான் கியூவில் தேடிய திறவுகோல் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்திருக்கிறது. சுபேதார் என்ற சொல் இரண்டிலும் இல்லை.

"பட்டா கேஸுக்காக எண்பத்தஞ்சிலயே படிச்சேன்" என்றார் அப்பா.

"அப்ப தெரியுமா உங்களுக்கு?"

"சம்பளத்த அப்படியே கொண்டாந்து நெலமா போட்டிருக்காரு மனுஷன். அந்த நெலத்துலதான் நான் படிச்சேன், நீ லண்டனுக்குப் போன."

"அப்புறம் ஏம்பா சுபேதார்னு சொல்லிட்டே இருந்தீங்க?"

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உன் கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். அப்புறம் சொல்றதுக்குச் சந்தர்ப்பம் வரல."

எனக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆகிறது. உள்ளே இருந்து அத்தை, பதக்கத்தைச் சாமி அலமாரியில் வைத்துக் குங்குமம் இட்டிருப்பதாகவும், வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்ப்பதாகவும் சொன்னார்.