தங்கச்சி வீட்டு பாய்லரும் 1918-ம் வருடத்துக் காய்ச்சலும்

ஒரு ஜனவரி ராத்திரி பதினோரு மணிக்கு போன். நியூ ஜெர்ஸியில் இருக்கும் தங்கச்சி. அங்கே மத்தியானம் பன்னிரண்டரை.

"அண்ணா, இருபது வருஷமா பாய்லரோடதானே குடித்தனம் நடத்தறே. எங்க வீட்டு பாய்லரை மாத்தணுமா வேண்டாமான்னு சொல்லேன்."

எனக்கு வடோதராவில் ஒரு கெமிக்கல் ஃபேக்டரியில் வேலை. பாய்லர் ஹவுஸ்தான் என் ராஜ்ஜியம். தங்கச்சியும் மாப்பிள்ளையும் வாங்கியிருப்பது 1926-ல் கட்டிய வீடு. பேஸ்மென்ட்டில் ஒரு நீராவி பாய்லர், அறைக்கு அறை ஜன்னலுக்குக் கீழே வார்ப்பிரும்பு ரேடியேட்டர். ராத்திரியில் குழாய்கள் சுத்தியலால் அடிப்பதுபோல் டமால் டமால் என்கின்றனவாம். மாடி அறை வேகிறது, கீழே குழந்தையின் அறை நடுங்குகிறது. பார்க்க வந்த ஆள், "எல்லாத்தையும் பிடுங்கிட்டு வெந்நீர் சிஸ்டம் போடுங்க" என்று ஒரு தொகை சொல்லியிருக்கிறார். அந்தப் பணத்தில் ஒரு நல்ல கார் வாங்கலாம். அம்மா வேறு அடுத்த குளிர்காலத்துக்கு அங்கே போவதாக இருந்தது.

நான் யோசிக்கவே இல்லை. "கீழே சூடு வரலைன்னா பிரஷரைக் கொஞ்சம் கூட்டச் சொல்லு" என்றேன். எங்கள் பாய்லர் ஓடுவது 10.5 கிலோ பிரஷரில். அந்தத் திமிர்.

மூன்றாம் நாள் மறுபடி போன். சத்தம் இரண்டு மடங்கு, கேஸ் செலவும் ஏறுகிறது, அறை மட்டும் அதே குளிர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபேக்டரி பாய்லர் எனக்குத் தெரியும், வீட்டு பாய்லர் தெரியாது. உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் பாதி சரித்திரம்.

வீட்டை நீராவியால் சூடாக்கும் யோசனை பழையது. ஜேம்ஸ் வாட்டே 1784-ல் தன் அறையை அப்படிச் சூடாக்கிப் பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் ஸ்டீபன் கோல்டு என்பவர் 1854-ல் வீட்டு நீராவிச் சூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 1877-ல் லாக்போர்ட் என்ற ஊரில் பேர்ட்சில் ஹாலி, ஒரே பாய்லரிலிருந்து தெருவுக்கடியில் குழாய் போட்டுப் பல வீடுகளுக்கு நீராவி கொடுத்தார். 1882-ல் நியூயார்க்கிலும் அந்த முறை வந்தது. மன்ஹாட்டன் தெருவுக்கடியில் இன்றும் நீராவி ஓடுகிறது.

நீராவியின் ரகசியம் பிரஷரில் இல்லை. ஒரு கிலோ நீராவி மறுபடி தண்ணீராகும்போது சுமார் 540 கிலோ கலோரி வெப்பத்தை விடுகிறது. வீட்டுக்கு அது போதும். நீராவி தானாக மேலே ஏறும், குளிர்ந்த தண்ணீர் தானாகக் கீழே இறங்கும். பம்ப் கிடையாது. பல வீடுகளில் ஏறவும் இறங்கவும் ஒரே குழாய்தான்.

அப்படியென்றால் பிரஷருக்கு ஏன் அவ்வளவு பயந்தார்கள்? காரணம் இருந்தது. 1865-ல் மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா என்ற கப்பலின் பாய்லர்கள் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த வருடமே ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் பாய்லர்களைச் சோதித்துக் காப்பீடு கொடுக்க ஒரு கம்பெனி கிளம்பியது. 1905-ல் பிராக்டன் நகரின் ஷூ ஃபேக்டரியில் பாய்லர் வெடித்து 58 பேர் பலி. அதற்குப் பிறகுதான் மாசசூசெட்ஸ் மாநிலம் கடுமையான விதிகள் கொண்டுவந்தது. அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தின் பாய்லர் விதித்தொகுப்பு 1915-ல் வெளிவந்தது.

நம் நாட்டுக் கதையும் இதேதான். 1863-ல் கல்கத்தாவில் பாய்லர் வெடித்துப் பல உயிர்கள் போக, 1864-ல் வங்காளத்தில் சோதனைச் சட்டம் வந்தது. பிறகு 1923-ம் வருட இந்திய பாய்லர் சட்டம். அதன் இடத்தில் இப்போது 2025-ம் வருடச் சட்டம். எங்கள் ஃபேக்டரிக்கு ஆய்வாளர் வரும்போது நான் நெளிவதற்குப் பின்னால் இத்தனை பிணங்கள் இருக்கின்றன.

ஆக, வீட்டு நீராவி பாய்லருக்கு அங்கே உச்ச வரம்பே 15 பிஎஸ்ஐ. வழக்கமாக ஓடவேண்டியது 2-க்கும் கீழே. நான் கூட்டச் சொன்னது முழு மடத்தனம் :-( அன்றே குறைக்கச் சொன்னேன்.

அடுத்த கேள்வி: மாடி ஏன் வேகிறது? இங்கேதான் அந்தக் காய்ச்சல் வருகிறது. 1918-ல் இன்ஃப்ளூயன்சா உலகத்தையே உலுக்கியபோது, அடைத்த அறையின் காற்றுதான் எமன் என்று சுகாதார அதிகாரிகள் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார்கள். 1920-களின் இன்ஜினியர்களும் அதற்கேற்ப, வருடத்தின் மிகக் குளிரான நாளில் ஜன்னல் திறந்திருந்தாலும் அறை சூடாக இருக்கும்படி ரேடியேட்டர்களைப் பெரிதாகப் போட்டார்கள். 1926-ல் கட்டிய வீடு அந்தக் கணக்கில் வந்ததுதான். பின்னாளில் கரி போய் எண்ணெயும் கேஸும் வந்தன, ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி வந்தது. பாய்லரை மாற்ற வந்தவர்களோ பழைய தகட்டில் இருந்த எண்ணைப் பார்த்து அதே சைஸில், சில சமயம் இன்னும் பெரிதாக, வைத்துவிட்டுப் போனார்கள்.

நீராவி பாய்லரின் சைஸை முடிவு செய்யவேண்டியது ரேடியேட்டர்கள். தங்கச்சியை டேப் எடுத்து எல்லாவற்றையும் அளக்கச் சொன்னேன். உயரம், எத்தனை பிரிவு, ஒரு பிரிவுக்கு எத்தனை தூண். மொத்தம் 310 சதுர அடி வந்தது. சதுர அடிக்கு மணிக்கு 240 பிடியு என்பது அங்கே கணக்கு. 74,400 பிடியு, அதாவது சுமார் 22 கிலோவாட். நம் ஊர் 2 கிலோவாட் கீசர் பதினொன்று. பேஸ்மென்ட் பாய்லரின் தகட்டில் இருந்தது 520 சதுர அடி!

சத்தத்துக்குக் காரணம் வேறு. ஒரு ரேடியேட்டர் வால்வு பாதி திறந்திருந்தது. இன்னொன்று தண்ணீர் திரும்பமுடியாதபடி எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. தேங்கிய தண்ணீரை நீராவி தள்ளிக்கொண்டுபோய் மோதும் சத்தம்தான் அது. வால்வை முழுக்கத் திறந்து, காலடியில் மரத்துண்டு வைத்ததும் பாதி நின்றது. குழந்தை அறைக் குளிருக்குக் காரணம், அடைத்துப்போன காற்று வால்வு. சின்னப் பொருள்தான், மாற்றியதும் சூடு வந்துவிட்டது. குழாய்மேல் பழைய வெள்ளைப் பூச்சு இருக்கிறது என்றாள். "கை வைக்காதே, ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம். அதுக்குன்னு பயிற்சி எடுத்த ஆளைக் கூப்பிடு" என்றேன்.

அப்போ பாய்லரை மாற்றவேண்டாமா? அதையும் சோதித்துத்தான் சொல்லவேண்டும். தினமும் புதுத் தண்ணீர் விடவேண்டியிருந்தது, புகைபோக்கியில் வெள்ளையாக ஆவி போனது. ஒரு பிளம்பரை வைத்து, பாய்லரை அணைத்து ஆறவிட்டு, வழக்கமான மட்டத்துக்கு மேலே தண்ணீர் நிரப்பிப் பார்த்தார்கள். பர்னர் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. வார்ப்பிரும்பு ஓட்டை. புதுத் தண்ணீரில் வரும் ஆக்ஸிஜன் இரும்பை அரிக்கும். அரித்தால் இன்னும் தண்ணீர் கேட்கும். அதற்கு முடிவே இல்லை.

ஆக முடிவு இது: பாய்லரை மாற்று, மற்றதைத் தொடாதே. நூறு வருட ரேடியேட்டர்களும் குழாய்களும் நன்றாகவே இருக்கின்றன. மே மாதம் 310 சதுர அடிக்கு ஏற்ற சின்ன பாய்லர் வைத்தார்கள். முதலில் கேட்ட தொகையில் பாதிகூட ஆகவில்லை. அதுவரை இரண்டு நிபந்தனை போட்டேன். உடனே கார்பன் மோனாக்சைடு அலாரம். தினமும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்ப்பது. தண்ணீர் தெரியவில்லை என்றால் அணைத்துவிடவேண்டும், சூட்டோடு சூடாகத் தண்ணீர் விடவே கூடாது.

அம்மா அந்தக் குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினாள். "ஏண்டா, பாய்லர் பாய்லர்னு சொன்னீங்களே, எங்கடா இருக்கு? ஒரு சத்தமும் காணோமே?" அவளுக்கு பாய்லர் என்றால் எங்கள் ஊர் வீட்டுப் பின்கட்டில், காலையில் கரி போட்டு ஊதின செம்புப் பாய்லர்தான். அதை நாங்கள் பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டதை அம்மா இன்னும் மன்னிக்கவில்லை. அதில் எது கெட்டிருந்தது என்று அப்போது யாருமே பார்க்கவில்லை.