அடக்கி வைத்த அன்பு: சென்னைத் தென்புறநகர்க் குடும்பங்களில் உணர்வுத் துணையின்மை

மருத்துவர்கள் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆன்டாவும் கலிபோர்னியாவில் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைப் பருவத் துன்பங்கள் கூடக்கூட மனச்சோர்வு, குடிநோய், தற்கொலை முயற்சி, இதயநோய் ஆகியவை பெரியவர்களிடம் மிகுவதைக் காட்டியது. அதன் அடுத்த கட்டத்தில் உணர்வுப் புறக்கணிப்பும் துன்ப வகைகளுள் ஒன்றாகச் சேர்ந்தது. வீட்டில் உங்களிடம் பாசம் காட்டியவர், உங்களை முக்கியமாகக் கருதியவர் உண்டா என்பதே அதை அளக்கும் கேள்விகளின் சாரம். தமிழ் வீட்டில் வளர்ந்தவர் இதற்கு ‘இல்லை’ என்றால், அதை உடனே புறக்கணிப்பு எனக் குறித்துக்கொள்ளலாமா? கூடாது என்பதே என் வாதம்.

மானுடவியலாளர் மார்கரெட் டிராவிக் தமிழ்க் குடும்பமொன்றோடு வாழ்ந்து எழுதி 1990இல் வெளியிட்ட நூல், இங்கு அன்பின் முதல் இலக்கணமே அடக்கம் என்கிறது. பெற்ற தாய் தன் பிள்ளையைக் கண்கொட்டாமல் பார்த்தால் கண்பட்டுவிடும் என்பது நம்பிக்கை. தன் பிள்ளையிடம் கடுமை காட்டுபவள் நாத்தனார் பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சுவாள். பெற்றவர் அடக்கியதை அத்தை, பாட்டி, சித்தி எனப் பல கைகள் ஈடுசெய்தன. பெற்றோரின் அடக்கம் அங்கே குறையாகவில்லை என்றால், இந்த ஏற்பாடு உடன் இருந்ததே காரணம்.

அந்த ஏற்பாடு உடன் வராத இடத்துக்குச் சென்னைத் தென்புறநகரான ராஜகீழ்ப்பாக்கத்தை எண்ணிப் பார்க்கலாம். தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கும் பகுதி இது. வேளச்சேரி சாலையை ஒட்டிய அடுக்ககங்களில் குடியேறிய பலரும் வெளிமாவட்டத்தார். இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் பாட்டி ஊரிலேயே தங்கிவிட்டாள். ‘செல்லம் கொடுத்தால் கெட்டுப்போவான்’ என்ற நெறி மட்டும் வண்டியேறி வந்துவிட்டது. அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை நடப்பதற்கு ஆளில்லை. பெற்றோர் கொடுமைக்காரர் அல்லர். பள்ளிக் கட்டணத்துக்காகவும் வீட்டுக் கடனுக்காகவும் உழைத்துத் தேய்ந்தவர்கள். அந்தப் பிள்ளை பின்னாளில் தன் வருத்தத்தைச் சொல்ல முயன்றால், ‘உனக்கு என்ன குறை வச்சோம்?’ என்ற கேள்வி வாயை அடைத்துவிடுகிறது. அடி விழுந்திருந்தால் அந்த நாளைச் சுட்டலாம். நடக்காமல் போனதை எந்த நாளில் வைத்துச் சொல்வது?

ருமேனியாவின் புகாரெஸ்டில் 2000இல் தொடங்கிய, 136 குழந்தைகளைக் கொண்ட ஆய்வு இதற்கு ஓரளவு வெளிச்சம் தருகிறது. உணவும் உறைவிடமும் இருந்தும், தனக்கென ஒருவர் இல்லாத விடுதிக் குழந்தைகள் பின்தங்கினர். இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பத்துக்குச் சென்றவர்களிடம், பேணுபவரோடு குழந்தை கொள்ளும் பற்றுறவு நன்கு தேறியது. விடுதியையும் வீட்டையும் ஒன்றெனச் சொல்வது அநியாயம். ஆனால் சோறு ஒரு தேவை, துயரத்தை ஏற்கும் ஆள் வேறொரு தேவை என்பது அங்கே ஐயமின்றித் தெரிந்தது.

துயரத்தை ஏற்க ஆளில்லாத வீடுகளின் பிள்ளைகள் வளர்ந்தபின் உதவி செய்வதில் முதலாவதாக நிற்பார்கள். உதவி கேட்க நா எழாது. மனவேதனை நெஞ்சு அடைப்பாகவும் தலைவலியாகவும் மருத்துவரிடம் போகும். திருமணத்தில் சண்டை வந்தால் நாள்கணக்கில் பேச்சு நின்றுவிடும். எதிரில் இருப்பவர் இதைக் கல்நெஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறார். கேட்டால் கிடைக்கும் என்ற அனுபவமே இல்லாத ஒருவர் கேட்காமலே இருக்கப் பழகியது அது.

இது கூட்டுக் குடும்பத்துக்கான ஏக்கம் அன்று. அந்த வீடுகளிலும் தம்பி தங்கையை இடுப்பில் சுமந்த மூத்த மகளை யாரும் ஏந்தவில்லை; அவளுடைய அழுகைக்கு அடுப்படி மட்டுமே இருந்தது. ஆளெண்ணிக்கை தானாகவே துணையாகிவிடாது.

ஆகவே மாற வேண்டியது நாம் கேட்கும் கேள்வி. உளவியலாளர் மேரி மெயினும் உடன் பணியாற்றியவர்களும் பெரியவர்களுக்காக 1980களில் உருவாக்கிய நேர்காணல், சிறுவயதில் மனம் கலங்கியபோது என்ன செய்தீர்கள் என்று விசாரிக்கிறது. குழந்தைப் பருவம் கசப்பாக இருந்தாலும் அதைக் கோவையாகச் சொல்ல முடிந்தவர்கள் தம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான பற்றுறவைத் தர முடிந்தது என்பது அவ்வழி ஆய்வுகளின் நம்பிக்கையூட்டும் முடிவு. தாம்பரம் பகுதி உளவள ஆலோசகர்கள் அக்கேள்வியைப் பெற்றோரோடு நிறுத்தாமல் விரிக்க வேண்டும்: அழுதபோது யாரிடம் ஓடினீர்கள், அவர் எந்த வயதுவரை உங்களோடு இருந்தார், அவரைப் பிரிந்தபின் யாரிடம் போனீர்கள்?