கதையைக் கணக்கிட்ட ஆசிரியர்

கதை படிப்பது காலத்தைக் கொல்லும் வேலை என்பார் உளர். அவர்கட்கு ஒரு வரலாறு கூறுவோம். கதையிலே வந்த பீரங்கி ஒன்று, செவி கேளாத பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் சிக்கியது. போட்டார் கணக்கு! பிறந்தது, மனிதன் விண்ணேகும் வழி!

1865-ஆம் ஆண்டு, பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன், சந்திரப் பயணத்தைக் கதையாக்கினார். அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலே, 900 அடி நீளமுள்ள பீரங்கியை மண்ணுக்குள் வார்த்து, மூவர் அமர்ந்த குண்டை வானிலே வீசுகிறார்கள். அதே ஃபுளோரிடாவிலிருந்துதான் 1969-இல் அப்பல்லோ 11 மூவரைச் சுமந்து கிளம்பியது. "அன்றே சொன்னார், பார்த்தீரா!" என்று வியப்போர் பலர். வியந்து நின்றிருந்தால் விண்கலம் பிறந்திராது, தோழர்களே! அந்தக் கதையிலிருந்த பிழையை ஆராய்ந்ததால் பிறந்தது அது.

கான்ஸ்டண்டின் சியால்கோவ்ஸ்கி 1857-இல் ரஷ்யச் சிற்றூர் ஒன்றிலே பிறந்தவர். பத்து வயதளவில் வந்த காய்ச்சல் அவரது செவிப்புலனைப் பறித்தது. பள்ளிக் கதவு மூடியது. நூலகக் கதவு திறந்திருந்தது. பதினாறாம் வயதில் மாஸ்கோ சென்று, அரை வயிற்றுக்கு ரொட்டியுண்டு, கணிதத்தையும் இயற்பியலையும் தாமே கற்றார். பின்னர் போரோவ்ஸ்க், கலூகா எனும் ஊர்களிலே ஆசிரியரானார்.

வெர்னின் கதை அவரையும் கவர்ந்தது. ஆனால், அவர் தலையாட்டவில்லை, தாளை எடுத்தார். பூமியின் பிடியை விட்டகல வினாடிக்கு 11 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அவ்வளவு வேகமும் 900 அடிக் குழாய்க்குள்ளேயே பிறக்க வேண்டுமானால், உள்ளிருப்போர்மீது அவரவர் எடையைப்போல் இருபதாயிரம் மடங்குக்கும் மேற்பட்ட சுமை அழுத்தும். குண்டு கிளம்பும், மனிதன் மாள்வான்! வேகம் சிறுகச் சிறுக ஏறவேண்டும். அதற்குக் கருவி ராக்கெட்டே. 1903-இல் அதன் கணக்கை வெளியிட்டார். நீர்ம ஹைட்ரஜனும் நீர்ம ஆக்சிஜனும் எரிபொருளாகலாம் என்றும் காட்டினார்.

'நம்பு' என்று கட்டளையிடும் கதைகள் உலகெங்கும் உண்டு. 'கணக்கிட்டுப் பார்' என்று அழைத்த கதை இது. பிழை கண்டவரைப் பழிகாரன் என்று எவரும் தூற்றவில்லை. பிழை கண்டவரும் தமக்குக் கனவளித்த எழுத்தாளரை மறக்கவில்லை.

பின்பு சியால்கோவ்ஸ்கியே ஒரு கதை புனைந்தார். 1920-இல் நூலாக வந்த அக்கதை, 2017-ஆம் ஆண்டிலே, இமயமலைக் கோட்டையொன்றிலே தொடங்குகிறது. கலிலியோ, நியூட்டன், பிராங்க்ளின் எனப் பெயர் கொண்ட பல நாட்டு அறிஞர்கள் விண்ணிலே வாழ்கிறார்கள். மூச்சுக்குக் காற்று? கண்ணாடிக் கூடத்துச் செடிகள் தருகின்றன. உணவு? அச்செடிகளே! இக்கனவைச் சோதிக்கும் கூடம் சைபீரியாவின் கிராஸ்னயார்ஸ்க் நகரிலே 1972-இல் இயங்கத் தொடங்கியது. கோதுமையும் பாசியும் காற்றைப் புதுப்பிக்க, மூவர் குழுக்கள் அடைபட்டிருந்த சோதனை ஆறு திங்கள் நீடித்தது. அப்போதும் மின்சாரமும் உணவில் ஒரு பகுதியும் வெளியிலிருந்தே வந்தன. மூவர் உயிர்தரிக்கவே இத்தனை பாடு! கட்டணமின்றிக் காற்றுத் தரும் காட்டைக் கரியாக்குவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

இதே அறிவுக்கு மற்றொரு முகமும் உண்டு. வெர்னைப் படித்து வளர்ந்த ஹெர்மன் ஓபர்த் 1923-இல் எழுதிய நூல், ஜெர்மானிய இளைஞர்களை ராக்கெட்டின்பால் ஈர்த்தது. அவர்களுள் ஒருவரான வெர்னர் ஃபான் பிரௌன் தலைமையில் உருவான வி-2, 1944-இல் லண்டன் மக்கள்மீது இடியென விழுந்தது. அதைச் செய்யும் சுரங்கத் தொழிற்சாலையிலே அடிமைகளாக உழைத்த கைதிகள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அதே ஃபான் பிரௌன் குழு அமைத்த ராக்கெட்தான் பின்னாளில் மனிதனைச் சந்திரனுக்கு அனுப்பியது. கணக்கு பிழையற்றது, ஆயினும் வாழ வைப்பதா, வீழ வைப்பதா என்பதைக் கணக்கு சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவன் மனிதன்!

வகுப்பறையிலே சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். அது எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தது என்று சொல்வதில்லை. விண்வெளிக் கதை அந்தக் கேள்வியை எழுப்புகிறது. ஆகவே, இளைஞர்களே, படியுங்கள். படித்தபின் ஒவ்வொரு கதையையும் இரு கேள்விகளால் சோதியுங்கள்: இதன் கணக்கு நிற்குமா? இதனால் வாழப்போவது யார்?

முதற் கேள்வி அறிவியலை வளர்க்கும். இரண்டாவது, மனித குலத்தைக் காக்கும்.