ஜெய்ப்பூர் இன்ஜினியரின் காம்பொனென்ட் லைப்ரரி

ஜெய்ப்பூர் போனவங்க ஆல்பர்ட் ஹால் மியூசியம் முன்னாடி நின்னு கண்டிப்பா ஒரு போட்டோ எடுத்திருப்பீங்க. 1876-ல் அடிக்கல் நாட்டி, 1887-ல் திறந்த கட்டடம். வடிவமைச்சவர் சாமுவேல் ஸ்விண்டன் ஜேக்கப். ராணுவ இன்ஜினியரான இவர், 1867 முதல் 1902 வரை ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் பொதுப்பணித் துறையைக் கவனிச்சுக்கிட்டவர்.

ஆனா அவரோட முக்கியமான வேலைன்னு நான் நினைக்கிறது ஒரு புத்தக வரிசையை: ‘ஜெய்ப்பூர் போர்ட்ஃபோலியோ ஆஃப் ஆர்க்கிடெக்சுரல் டீடெயில்ஸ்’. முதல் 6 பாகங்கள் 1890-ல் வந்தன. 1913-க்குள் மொத்தம் 12.

டெல்லி, ஆக்ரா, ராஜபுதனம்னு பழைய கட்டடங்களோட உறுப்புகளை அளந்து வரைஞ்ச படங்கள் இவை. எந்த ராஜா, எந்த நூற்றாண்டுன்னு பிரிக்கல. தூண்களுக்கு ஒரு பாகம், வளைவுகளுக்கு ஒரு பாகம், கதவுகளுக்கு ஒரு பாகம். தாள்களைச் சேர்த்துத் தைக்கவும் இல்லை. நாலு தூணைப் பக்கத்துல பக்கத்துல பரப்பி வெச்சு, வேணுங்கிறதை எடுத்துக்கலாம். கட்டடக் கலைஞருக்கும் கல்தச்சருக்கும் நேரடியா வேலைக்கு உதவணும்ங்கிறதுதான் நோக்கம். நம்ம பாஷையில சொன்னா, காம்பொனென்ட் லைப்ரரி.

இதுல ஒரு சிக்கலும் இருக்கு. பழைய கட்டடத்துல சுவரிலிருந்து நீளும் ஒரு பிராக்கெட், வெயிலையும் மழையையும் தடுக்கும் கல் தாழ்வாரத்தைத் தாங்குது. தாளுக்கு வந்ததும் அது வெறும் அழகான வடிவம். எதைத் தாங்குச்சு, ஏன் அந்த அளவுங்கிறது பின்னாடியே விடுபட்டுப் போகுது. டாக்குமென்டேஷனைப் படிக்காம கோடை மட்டும் காப்பி பண்ற மாதிரி.

அடுத்தது, பெயர். அட்டையில இருக்கிறது ஜேக்கப். அளந்து வரைஞ்சதுல இந்திய வரைவாளர்களோட உழைப்பு பெரிசு. அந்தத் தூண்களை முதல்ல செதுக்கினவங்க பெயர் பெரும்பாலும் எங்கேயும் இல்லை. ஆல்பர்ட் ஹால் வேலையில ஜேக்கப்போட இருந்தவர் மீர் துஜுமுல் ஹுசைன். இந்தப் பெயரை உங்கள்ல எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கீங்க?

ஜேக்கப் திருடினார்னு நான் சொல்ல வரல. உள்ளூர்த் தச்சர்களோட அறிவைப் பாடமா மதிச்சு, தாள்ல ஏத்தினது பெரிய விஷயம். ஆனா ஒரு லைப்ரரியைத் தொகுத்தவரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டா, எழுதினவங்க காணாமப் போயிடுவாங்க. அடுத்த தடவை ஜெய்ப்பூர் போனா, போட்டோ எடுத்த பிறகு அந்தத் தூண்கள் கிட்ட போய், உளி பட்ட இடத்தைக் கொஞ்சம் பாருங்க.