பியானோ

பியானோ, கட்டையை விரலால் அழுத்தும்போது உள்ளிருக்கும் சுத்தியல் கம்பியைத் தட்டி ஒலியெழுப்பும் இசைக்கருவி. இன்றைய முழு அளவுக் கருவியில் 52 வெள்ளைக் கட்டைகளும் 36 கறுப்புக் கட்டைகளுமாக 88 கட்டைகளும், ஏறக்குறைய 230 கம்பிகளும் உண்டு. ஐரோப்பியச் செவ்வியல் இசையிலும் ஜாஸ், ராக் போன்ற வெகுசன இசையிலும் ஆழ வேரூன்றிய கருவி இது. விரல் தரும் அழுத்தம் ஒலியில் அப்படியே வெளிப்பட வேண்டும் என்று கருவி செய்வோர் தலைமுறை தலைமுறையாக உழைத்ததே இதன் வரலாறு.

தோற்றம்

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், கம்பி பூட்டிய கட்டைக் கருவிகளில் ஹார்ப்சிகார்டும் கிளாவிகார்டும் முதன்மையானவை. ஹார்ப்சிகார்டில் இறகுத்தண்டு கம்பியைச் சுண்டும். கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். கிளாவிகார்டு விரலின் அழுத்தத்துக்கு இசைந்து கொடுக்கும். ஆனால் அதன் மெல்லிய ஒலி சிறு அறைக்கு மட்டுமே போதுமானது.

இந்த இரண்டின் குறையையும் தீர்த்தவர் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி. பதுவா நகரில் 1655இல் பிறந்து, ஃபுளோரன்ஸ் நகரின் மெடிசி அரண்மனையில் இசைக்கருவிகளைப் பேணும் பணியில் இருந்தவர். மென்மையாகவும் உரக்கவும் ஒலிக்கும் அவரது புதிய கருவி, அரண்மனையின் 1700ஆம் ஆண்டு இருப்புப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. கம்பியைத் தட்டிய சுத்தியல் அதிலேயே ஒட்டி நின்றால் ஒலி அமுங்கிவிடும். கட்டையில் விரல் இருக்கும்போதே சுத்தியல் விடுபட்டுப் பின்னால் விழும்படி அவர் அமைத்த நெம்புகோல் பொறியே பியானோவின் உயிர்நாடி. அவர் செய்தவற்றில் மூன்று பியானோக்கள் நியூயார்க், ரோம், லைப்சிக் நகர அருங்காட்சியகங்களில் இன்றும் உள்ளன.

பரவல்

கிறிஸ்டோஃபோரியின் பொறியைப் பற்றி ஷிப்பியோனே மஃபே 1711இல் எழுதிய கட்டுரை ஜெர்மன் மொழிக்குச் சென்றது. ஜெர்மனியில் காட்ஃப்ரீட் சில்பர்மான் இத்தகைய கருவிகளைச் செய்தார். உயர் சுரங்கள் வலுவற்றிருப்பதையும் கட்டைகள் கனமாக இருப்பதையும் யோகான் செபாஸ்தியன் பாக் சுட்டிக்காட்ட, சில்பர்மான் பல ஆண்டுகள் உழைத்துத் திருத்தினார். 1747இல் போட்ஸ்டாமில் மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் முன் பாக் வாசித்தவை சில்பர்மானின் கருவிகளே.

பாக்கின் இளைய மகன் யோகான் கிறிஸ்தியன் 1768இல் லண்டனில் பொதுமேடையில் பியானோவைத் தனித்து வாசித்தார். 1777இல் ஆக்ஸ்பர்க் சென்ற மொசார்ட், யோகான் ஆந்திரேயாஸ் ஸ்டைனின் பியானோக்களைப் புகழ்ந்து தந்தைக்குக் கடிதம் எழுதினார். அக்காலக் கருவிகளின் வீச்சு ஐந்து ஸ்தாயி. லண்டனின் பிராட்வுட் நிறுவனம் பீத்தோவனுக்கு அனுப்பி, 1818இல் வியன்னா வந்து சேர்ந்த கருவியில் ஆறு ஸ்தாயிகள் இருந்தன.

இரும்பும் எஃகும்

பெரிய அரங்குகளை ஒலி நிறைக்கத் தடித்த கம்பிகளும் கூடுதல் இழுவிசையும் தேவைப்பட்டன. மரச்சட்டம் அதைத் தாங்கவில்லை. பாஸ்டனைச் சேர்ந்த ஆல்ஃபியஸ் பாப்காக் 1825இல் ஒரே வார்ப்பான இரும்புச் சட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய கச்சேரிப் பியானோவின் சட்டம் தாங்கும் மொத்த இழுவிசை ஏறத்தாழ 20 டன்.

வலிமையோடு நுட்பமும் வளர்ந்தது. கட்டை முழுவதும் மேலெழும் முன்பே அதே சுரத்தை மீண்டும் தட்ட உதவும் பொறியை செபாஸ்தியன் எரார் 1821இல் பாரிசில் உருவாக்கினார். லிஸ்ட் போன்றோரின் மின்னல் வேக வாசிப்புக்கு இது வழிவகுத்தது. சுத்தியல் தலையில் தோலுக்குப் பதிலாகக் கம்பளி ஃபெல்ட் வந்தபின் ஒலி உருண்டு திரண்டது. பாஸ் கம்பிகளை மற்றவற்றின் குறுக்கே செலுத்தும் முறைக்கு, கிராண்ட் பியானோவுக்காக ஸ்டைன்வே நிறுவனம் 1859இல் காப்புரிமை பெற்றது. 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் 88 கட்டைகள் வழக்கமாயின.

வெகுசன இசையில்

சுவரோடு நிறுத்தும் அப்ரைட் வகை நடுத்தர வீடுகளுக்கும் மதுக்கடைகளுக்கும் பியானோவைக் கொண்டுசென்றது. அமெரிக்கக் கறுப்பின இசைஞர்கள் அதிலிருந்து புதிய இசையையே படைத்தார்கள். இடக்கை சீரான தாளம் பிடிக்க, வலக்கை அதை விட்டு விலகித் துள்ளுவது ராக்டைம். ஸ்காட் ஜாப்லினின் ‘மேப்பிள் லீஃப் ராக்’ 1899இல் அச்சானது. அவ்வழியில் ஜேம்ஸ் பி. ஜான்சன், ஃபேட்ஸ் வாலர், டியூக் எலிங்டன், ஆர்ட் டேட்டம் ஆகியோர் ஜாஸ் பியானோவை வளர்த்தனர். 1950களில் ஃபேட்ஸ் டாமினோவும் லிட்டில் ரிச்சர்டும் ராக் அண்ட் ரோலின் மையத்தில் பியானோவை நிறுத்தினர்.

தமிழிசைச் சூழலில்

பியானோவின் சுரங்கள் கம்பியிலேயே நிலைத்துவிட்டவை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லவோ சுரத்தை அசைக்கவோ இயலாததால், கமகத்தை உயிராகக் கொண்ட கர்நாடக இசையில் அது வேர்பிடிக்கவில்லை. இந்த எல்லையை அறிந்தே சென்னைக் கலைஞர் அனில் சீனிவாசன், பாடகர் சிக்கில் குருசரணுடன் இணைந்து கீர்த்தனைகளுக்குப் பியானோ வாசித்துவருகிறார். திரையிசையில் தடையில்லை, ஏ. ஆர். ரஹ்மான் தம் இசை வாழ்க்கையைக் கீபோர்டு கலைஞராகத் தொடங்கியவர்.

மின்னணுக் காலம்

கருவிகளும் கணினிகளும் ஒன்றோடொன்று பேசுவதற்கான மிடி நெறிமுறை 1983இல் அறிமுகமானது. கட்டை எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பதை அது 1 முதல் 127 வரையான எண்ணாகப் பதிகிறது. தரமான டிஜிட்டல் பியானோக்களில் தட்டுவதற்குக் கம்பியே இல்லை. ஆயினும் கட்டையின் கனத்தை விரல் உணர வேண்டும் என்பதற்காகவே அவற்றினுள் சிறு சுத்தியல்களைப் பொருத்துகிறார்கள்.